பேருந்துச் சன்னலும் நோய்முதலும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நோய் எதனால் வருகிறது என்னும் வினாவை ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடங்களில் விசாரித்தனர்; இவ்விரு ஊர்களுக்கு இடையே அது பேருந்தில் விசாரிக்கப்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும்போது, மலைப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தவரை நோக்கிப் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழும்: "அண்ணாச்சி, கண்ணாடியச் சாத்துங்க. காத்து அடிக்கி, பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்." கண்ணாடி பாதி நகர்ந்த நிலையில் எதிர் வரிசையிலிருந்து மற்றொரு குரல் எழும்: "சாத்தாதீங்க அண்ணாச்சி. முன்னால ஒரு ஆளு இருமிக்கிட்டே வாராரு. எல்லாத்துக்கும் ஒட்டிக்கிடும்."

இவ்விரண்டு வாக்கியங்களும் இரண்டு முழுமையான கோட்பாடுகள். முதலாவது, நோயின் முதற்காரணத்தை உடம்பினுள் வைக்கிறது: காற்று உடம்பைத் தளர்த்துகிறது, தளர்ந்த உடம்பில் நோய் தோன்றுகிறது. இரண்டாவது, அதனை வெளியே வைக்கிறது: பிறிதோர் உடம்பிலிருந்து ஒன்று புறப்பட்டு வந்து சேர்கிறது. முன்னதை உடம்புக் கட்சி என்றும் பின்னதைக் கிருமிக் கட்சி என்றும் இங்கே வழங்கலாம். உடம்புக் கட்சியார் 'எதிர்ப்பாற்றல்' என்னும் பாடநூற் சொல்லை அரிதாகவே ஆள்வர். அவர்களுடைய கலைச்சொல் 'தெம்பு'. கிருமிக் கட்சியாரின் கலைச்சொல் 'ஒட்டுவாரொட்டி'. ஒட்டுவது எது என்று கூறாமல், ஒட்டுகிறது என்பதை மட்டும் இருமுறை கூறும் சொல் இது. அந்த அளவில் அதன் அடக்கம் பாராட்டுக்குரியது.

இரு கட்சிகளுக்கும் இடையே சமரசம் காணப் பாதிச் சன்னலைச் சாத்தும் வழக்கம் உண்டு. இது தீர்வாகாது. பாதி சாத்திய சன்னலில் காற்று முன்னிலும் விசையாகப் பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது. இருமியவரின் மூச்சோ பேருந்தினுள் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. இரு கோட்பாடுகளின் தீமைகளும் ஒருங்கே விளைகின்றன. எனவே ஏதேனும் ஒரு கட்சியை முற்றாக ஆராய்ந்து தெளிந்த பின்னரே கண்ணாடியில் கை வைப்பது முறை.

ஆராய்ச்சியின் எல்லை முதலில் வரையறுக்கப்பட வேண்டும். வற்றல் தாளிக்கும் நெடியால் வரும் தும்மல் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. யாரோ நினைப்பதால் வரும் தும்மலும் விலக்கப்படுகிறது. இக்காலத்தில் பிறர் நினைத்தால் புரையேறும் என்பதே வழக்கு. ஆயினும் திருக்குறளின் காமத்துப்பாலில் நினைவின் அடையாளமாகத் தும்மலே வருகிறது. நினைவு எப்போது தும்மலை விட்டுப் புரைக்கு மாறியது என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாவதாக ஒன்றை விலக்குவதற்கு முன் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. இராஜபாளையம் நூற்பாலை ஊர். பஞ்சு உடைக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் பல்லாண்டு வேலை பார்த்தவர்க்குப் பஞ்சுத் தூசியால் மூச்சிறைப்பு நோய் ஒன்று வருவதுண்டு. அதன் தொடக்க நிலைக்கு ஒரு விந்தையான இலக்கணம் உண்டு: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாள்களில் இறுக்கம் குறையும். ஓய்வெடுத்த உடம்பு தெம்பாக இருக்கவேண்டும் என்னும் உடம்புக் கட்சியின் விதி இங்கே தலைகீழாகிறது. ஒட்டுவாரொட்டி என்பதும் பொருந்தவில்லை; ஆலையில் வேலை செய்பவரின் வீட்டாருக்கு அது ஒட்டுவதில்லை. காரணம் கிருமியும் இல்லை, தெம்பின்மையும் இல்லை, தூசி. இரு கட்சிகளும் தத்தம் வாதத்தில் மும்முரமாக இருக்கும்போது மூன்றாவது காரணம் ஒன்று கேட்பாரற்று நிற்கக்கூடும் என்பதற்காகவே இது குறிக்கப்படுகிறது.

இனி மொழி. நோயைப் பற்றித் தமிழர் பேசும் வாக்கியங்களை எழுவாய் நோக்கி வகைப்படுத்தினால், எந்தக் கட்சிக்கு மொழியின் ஆதரவு உண்டு என்பது புலப்படும். 'உடம்பு சரியில்லை' என்பதில் எழுவாய் உடம்பு, குற்றமும் உடம்பினுடையது. 'காய்ச்சல் அடிக்கிறது' என்பதில் எழுவாய் காய்ச்சல்; உடம்பு அடிபடும் இடமாகக்கூடச் சொல்லப்படவில்லை. 'தண்ணி ஒத்துக்கல' என்பதில் எழுவாய் தண்ணீரா, உடம்பா என்பதே ஐயத்துக்குரியது. ஒத்துக்கொள்ள மறுத்தவர் யார் என்று கூறாமல், ஓர் உடன்பாடு முறிந்தது என்பதை மட்டும் அறிவிக்கும் வாக்கியம் அது. இராஜபாளையத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் முடி கொட்டினால், 12 கிலோமீட்டர் இடப்பெயர்ச்சிக்குள் இந்த உடன்பாடு முறிந்ததாகவே இரு வீட்டாரும் கொள்வர். இதில் மட்டும் சம்பந்திகளுக்குள் கருத்து வேறுபாடு எழுவதில்லை.

மிக நுண்ணிய சிக்கல் 'சளி பிடித்தது' என்பதில் இருக்கிறது. பேய் ஒருவனைப் பிடிக்கிறது. சளி ஒருவனுக்குப் பிடிக்கிறது. வினை ஒன்றே, வேற்றுமை வேறு. பேய்க்கு இரண்டாம் வேற்றுமை. ஆகவே பிடிக்கப்பட்டவன் முழுதும் செயப்படுபொருள், அவனுடைய தெம்பு கணக்கில் இல்லை. சளிக்கு நான்காம் வேற்றுமை. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் பகையும் உண்டு, தகவும் உண்டு. 'எனக்குச் சளி பிடித்தது' என்பதில் உள்ள குகரம் பகைப் பொருளதாயின், சளி வெளியிலிருந்து வந்த பகை. கிருமிக் கட்சி வென்றது. தகவுப் பொருளதாயின், சளிக்குத் தகுந்த உடம்பு எனதாக இருந்தது. உடம்புக் கட்சி வென்றது. ஒரே உருபு இரு பொருளுக்கும் இடம் தருவதால், இலக்கணத்தைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. 'அம்மை போட்டிருக்கு' என்பதில் எழுவாய் தெய்வம். அங்கே இரு கட்சிகளும் கைகட்டி நிற்கவேண்டியதே. எனினும் அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது. வேப்பிலை கண்டவர் உள்ளே நுழையத் தயங்குகின்றனர். ஆகவே அம்மன் பெயரால் நிறைவேறுவது ஓரளவு கிருமிக் கட்சியின் கொள்கை.

மொழி கைவிட்டபின் ஊர்த்தொழிலை நாடுவது இயல்பு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. காயத்தில் கிருமி புகும் என்பதை ஜோசப் லிஸ்டர் 1867இல் எழுதியிராவிட்டால், கட்டுத்துணியை வெளுத்துத் தூய்மையாக்கி உறையிலிட்டு அனுப்பும் தொழில் இந்த அளவு வளர்ந்திருக்க வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் தொழிலோ பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உடம்புக்குத் தெம்பு தருவதாகக் கருதப்படும் பாலும் சர்க்கரையுமே அதன் உறுப்புகள். இதிலிருந்து இராஜபாளையம் கிருமிக் கட்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் உடம்புக் கட்சி என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவு பிழை. பால்கோவா வாணலியில் பால் நெடுநேரம் கொதிப்பதால் கிருமி மடிகிறது. ஈரம் வற்றுவதாலும் எஞ்சிய ஈரத்தைச் சர்க்கரை பற்றிக்கொள்வதாலும் புதுக் கிருமி எளிதில் தழைப்பதில்லை. லூயி பாஸ்டரின் பெயரால் வழங்கும் பால் பதப்படுத்தும் முறையைவிடக் கடுமையான சூடு அது. மறுபுறம், கொதிக்காத பாலும் கொதித்த பாலும் சளி கட்டும் என்று சொல்லிப் பிள்ளைக்கு இரவில் பால்கோவா மறுக்கும் தாயார் இரு ஊர்களிலும் உளர். பகலில் தெம்பு தருவதும் இரவில் சளி தருவதும் ஒரே பண்டம் என்பதால், அதனை எந்தக் கட்சிக்கும் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது.

இந்த வழக்கு பிரான்சில் தொடங்கியதாகக் கூறுவது மரபு. பாஸ்டர் கிருமியை முன்னிறுத்தினார். அந்துவான் பெஷாம் அதனை மறுத்தார். குளோத் பெர்னார் உடம்பின் உட்சூழல் நிலைகுலையாதிருப்பதே உயிர்வாழ்வின் அடிப்படை என்று கற்பித்தார். பாஸ்டர் சாகுந்தறுவாயில் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்றொரு கதை உடம்புக் கட்சியாரிடையே உலவுகிறது. அதற்கு நம்பத்தக்க ஆவணம் இல்லை. ஒப்புக்கொண்டிருந்தாலும் அவர் உருவாக்கிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் வேலை அதனால் நின்றுவிடாது.

உடம்புக் கட்சியின் பொருட்டு உயிரைப் பணயம் வைத்தவர் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்தார். கிருமி மட்டும் போதாது, நிலமும் உடம்பும் இடம் கொடுக்கவேண்டும் என்பது பெட்டன்கோஃபரின் நிலைப்பாடு. 1892 அக்டோபரில், தமது எழுபத்து மூன்றாம் வயதில், வயிற்று அமிலத்தைச் சோடா உப்பால் தணித்துவிட்டு, காலராக் கிருமி வளர்த்த குழம்பைக் குடித்தார். வயிற்றுப்போக்கு வந்தது, உயிர் போகவில்லை. தம் கோட்பாடு நிலைநாட்டப்பட்டதாக அவர் கொண்டார். வயிற்றுப்போக்கு ஏன் வந்தது என்பதற்குக் கிருமிக் கட்சியார் தரும் விளக்கம் சுருக்கமானது. உயிர் ஏன் போகவில்லை என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் அவ்வளவு சுருக்கமானதன்று. ஒரு குழம்பைக் கொண்டு இரு கட்சிகளும் வெற்றி கோரலாம் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் உடம்புக் கட்சியின் தலைசிறந்த பிரதிநிதி டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். கிருமி ஒன்றே காசத்தின் காரணம் என்பதை முத்து ஏற்கவில்லை. அடைந்த வீடு, போதாத உணவு, கெட்ட காற்று ஆகியவற்றால் சீர்குலைந்த உடம்பையே அவர் முதன்மையாகக் கருதினார். ஆகவே அவரது மருத்துவத்தில் திறந்த சன்னலுக்குத் தனியிடம் உண்டு. 1928இல் தாம்பரத்தில் அவர் ஒரு சானடோரியம் நிறுவினார். மின்தொடர்வண்டி நிலையம் ஒன்று இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. இராமானுஜனுக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபாவாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் ஒருவர் வாதிட்டுள்ளார். அது சரியாயின், குளிர்நாட்டில் அவருக்காகத் திறந்துவைக்கப்பட்ட சன்னல்கள் அவருக்குப் பயன்பட்டிரா.

சானடோரியம் என்னும் கருத்தைச் சோதித்த ஊரும் சென்னையே. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரத்து ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்னும் மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுத்து ஓய்வெடுத்து, நல்ல உணவு உண்டு, நல்ல காற்றை மூச்சிழுத்தனர். மறு பிரிவினர் தத்தம் நெருக்கடியான வீட்டில், தத்தம் கஞ்சியைக் குடித்து, முடிந்தவர் வேலைக்கும் போயினர். 1959இல் வெளியான முடிவின்படி, சானடோரியத்தினர் மிகுதியாக எடை கூடினர். ஆனால் குணமடைவதில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒத்தே இருந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்த முடிவைக் கண்டபின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மருந்து விழுங்கப்பட்டால் சோற்றுக் குறைவும் காற்றுக் குறைவும் பெரிய தடையாகா என்று தெரிந்தது. உடம்புக் கட்சிக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு எங்கும் வழங்கப்பட்டதில்லை.

அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், காசநோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சென்னை நிறுவனமும் அதில் பங்கேற்றது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்க்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துத் தரப்பட்டன. கிருமி இரு பிரிவு வீடுகளிலும் ஒன்றே, இருமலும் ஒன்றே. அரிசி பருப்பு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசம் கண்டவர்கள் 39 விழுக்காடு குறைந்தனர். தொற்றக்கூடிய நுரையீரல் காசம் 48 விழுக்காடு குறைந்தது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்துப் பத்துப் பாக்களில் ஆறு, நோயாளியை விட்டுவிட்டு உண்பவனைப் பற்றியே பேசுவது இங்கே நினைக்கத்தக்கது.

ஆயினும் இரு ஆய்வுகளும் முரண்படவில்லை. இரண்டு வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிக்கின்றன. வந்த நோயை எது தீர்க்கிறது என்பது ஒன்று. வராதிருக்க எது காக்கிறது என்பது மற்றொன்று. காசக் கிருமி மூச்சில் புகுந்தவர்களுள் பெரும்பான்மையோர்க்கு வாழ்நாள் முழுதும் நோய் வருவதில்லை. பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. அந்த ஒருவர் யார் என்பதை உணவு, சர்க்கரை நோய், புகை, மது, எச்.ஐ.வி. ஆகியன பெரிதும் முடிவு செய்கின்றன. ஆனால் கிருமியே புகாதவர் எவ்வளவு மெலிந்தாலும் அவருக்குக் காசம் வருவதில்லை. பசி மனிதனை மெலிவிக்கும். இரத்தம் துப்ப வைப்பதற்குக் கோக் 1882இல் கண்ட கிருமி வேண்டும். இதனைச் சொல்ல இரு கட்சியாரும் ஏன் தயங்குகின்றனர் என்பது விளங்கவில்லை.

பேருந்தில் எழுந்த முதல் வழக்கு காசத்தைப் பற்றியதன்று, சளியைப் பற்றியது. அதற்கும் சோதனை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சளியை மட்டும் ஆராய ஒரு நிலையம் 40 ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. அங்கே தன்னார்வலரை நனைத்துக் குளிர்காற்றில் நிறுத்திப் பார்த்தனர். கிருமி இல்லாமல் நனைந்தவர்க்குச் சளி பிடிக்கவில்லை. கிருமியோடு நனைந்தவர்க்குக் கூடுதலாகவும் பிடிக்கவில்லை. கிருமிக் கட்சி மகிழ்ந்தது. 2005இல் வெளியான கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில் 90 பேரைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைத்து உட்காரச் செய்தனர். வேறு 90 பேர் வெற்றுப் பாத்திரத்தில் கால் வைத்தனர். அடுத்த சில நாள்களில் முன்னவருள் 13 பேரும் பின்னவருள் 5 பேரும் சளி என்றனர். உடம்புக் கட்சி மகிழ்ந்தது. மூக்கில் ஏற்கெனவே மறைந்திருந்த கிருமி, குளிரால் மூக்கின் இரத்த நாளங்கள் சுருங்கியபோது தலையெடுத்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர் தரும் விளக்கம். மழையில் நனைந்த பிள்ளையின் தலையைத் துவட்டும் பாட்டியின் செயல் இந்த விளக்கத்தால் பாதி நிலைபெறுகிறது. மீதிப் பாதிக்கு இன்னும் ஆய்வு வேண்டும்.

2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியையே சொட்டு மருந்துபோல விட்டனர். எல்லாருக்கும் ஒரே கிருமி. சிலருக்கே சளி பிடித்தது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்க்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவரைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக அந்த வாய்ப்பு இருந்தது. சன்னலைச் சாத்துவது பற்றிய வாதத்தில் தூக்கத்தை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்க இரவெல்லாம் விழித்து, கூட்டத்தில் நெருக்குண்டு, முதல் பேருந்தில் திரும்பும் குடும்பத்தில் சளி கண்டால், கிருமிக்கும் தெம்பின்மைக்கும் சம பங்கு உண்டு. அவர்கள் பழி சுமத்துவதோ பேருந்துக் காற்றின் மேல்.

இரு கட்சிகளுள் ஒன்றோ இரண்டுமோ அறவே செயலற்றுப்போகும் குறைகளும் நோய்களும் உண்டு. இராஜபாளையம் நாயால் பெயர் பெற்ற ஊர். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த இனத்தில் குட்டிகள் சில செவிடாகப் பிறக்கின்றன. அது பரம்பரையால் வருவது. கிருமியும் தெம்பும் அதற்குப் பொறுப்பல்ல. ஆனால் எந்த நாயேனும் வெறிகொண்டு கடித்து நோய் கண்டுவிட்டால், கடிபட்டவர் பயில்வானாயினும் பச்சிளம் பிள்ளையாயினும் முடிவு ஒன்றே. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் ஏறத்தாழ இல்லை. இங்கே தகவு என்னும் பொருளுக்கு இடமில்லை, பகை மட்டுமே. தெம்பு இருப்பதால் ஊசி வேண்டாம் என்போர், மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் காயத்தில் அப்புவோர் ஆகியோர் கோட்பாட்டு வேறுபாடாக இதனைக் கொள்ளலாகாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். அன்றே முதல் ஊசியும், பின்னர் 3, 7, 28ஆம் நாள்களில் ஏனைய ஊசிகளும் போடவேண்டும். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் வேண்டும். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்படும் முன் தென்னாட்டில் கடிபட்டவர் இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்குப் போகவேண்டியிருந்தது. அந்தத் தொலைவை எண்ணினால் அரசு மருத்துவமனைக்குப் போகும் பேருந்துப் பயணம் பெரிதன்று.

எதிர்ப்பாற்றலே எதிரியாகும் நோயும் ஒன்று உண்டு. டெங்குக் கிருமி நான்கு வகை. ஒரு வகை வந்து போனவர்க்கு அவ்வகைக்கு எதிர்ப்பு வாழ்நாள் முழுதும் நிற்கும். வேறு வகை பின்னர் வந்தால், முன்பு பெற்ற அந்த எதிர்ப்பே சிலருக்கு நோயைக் கடுமையாக்கும். தெம்பு மிகுதியும் ஆகாது என்பதை உடம்புக் கட்சி தன் கொள்கையில் எங்கே சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 2020இல் கபசுரக் குடிநீர் வீடுதோறும் கொதித்த நாள்களில் 'இம்யூனிட்டி' என்னும் சொல் டீக்கடைப் பலகை வரை வந்து சேர்ந்தது. ஆனால் டெங்குக்குக் கொசு வேண்டும்; கொசுவுக்கு மூடாத டிரம் வேண்டும். தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் தெருக்களில் டிரம் இல்லாத வீடு இல்லை. மூடியின் விலை எந்தக் கசாயத்தைவிடவும் அதிகமன்று.

இனிச் சன்னலைப் பற்றிய தீர்ப்பு. கிருமிக் கட்சியின்படி, இருமலில் எழும் நுண்துளி அடைந்த காற்றில் நெடுநேரம் மிதக்கும். காற்றோட்டம் அதனைக் கலைத்து வெளியேற்றும். ஆகவே சன்னல் திறந்திருக்க வேண்டும். உடம்புக் கட்சியின் முதல்வரான சௌரி முத்துவும், கிருமி ஒன்றே காரணம் என்று நம்பாமலே, சன்னலைத் திறந்தே வைத்தார். இரு கட்சிகளும் தத்தம் வேறுபட்ட காரணங்களால் ஒரே சன்னலைத் திறக்கின்றன. அதனைச் சாத்தச் சொல்வது இவற்றுள் எந்தக் கோட்பாடும் இல்லை; குளிர்ந்த காற்று முகத்தில் அடிப்பதால் எழும் உடனடியான துன்பம் மட்டுமே. அத்துன்பம் உண்மையானது, கார்டிஃப் ஆய்வு அதற்குச் சற்று மதிப்பும் தருகிறது. ஆனால் அதற்குரிய பரிகாரம் பிள்ளையின் காதோடு ஒரு துண்டைக் கட்டுவது, அல்லது பிள்ளையை நடைபாதைப் பக்க இருக்கைக்கு மாற்றி உட்கார வைப்பது.

முன்னிருக்கையில் இருமி வந்தவர் இரு கட்சிகளின் வாதத்திலும் காரணமாகவே பேசப்பட்டார். அவரும் ஒரு நோயாளி என்பது பேருந்தில் எவர்க்கும் தோன்றவில்லை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்கும், காசம் எனத் தெரிந்தால் அதற்குரிய மருந்துக்கும் கட்டணம் இல்லை. 12 கிலோமீட்டரின் இரு முனைகளிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.